செப்டிக் டேங்க் கொல்லையில், குளியலறை முன்னறையில்: எந்த க்ளோசெட்டை வாங்குவது?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில், தெருவிலிருந்து கொல்லை வரை நீளும் பழைய ஓட்டு வீட்டில் நால்வர் வசிக்கிறோம். கழிப்பறையும் செப்டிக் டேங்கும் கொல்லையில் இருக்கின்றன. 76 வயதாகும் என் தாயாருக்கு முழங்கால் தேய்மானம். இரவில் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. அவர் படுக்கும் முன்னறையை ஒட்டிக் குளியலறை கட்ட விரும்புகிறோம். அங்கிருந்து செப்டிக் டேங்க் வரை, வீட்டின் பக்கவாட்டில் எங்களுக்கே சொந்தமான மூன்றடிச் சந்து வழியாக 70 அடி வருகிறது. டியூப் லெவல் (நீர் நிரப்பிய குழாய்) பிடித்து மட்டம் பார்த்ததில், முன்னறைத் தரை, சந்து மற்றும் கொல்லையின் மண் மட்டத்தைவிட ஒன்றரை அடி உயரம். டேங்கிற்குள் குழாய் நுழையும் இடத்தின் அடிமட்டம் மண்ணுக்குக் கீழே அரை அடி. குளியலறைத் தரையை முக்கால் அடி உயர்த்தினால்தான் குழாய்க்கு வாட்டம் (சரிவு) கிடைக்கும் என்கிறார் கொத்தனார். கழிவை அரைத்துத் தள்ளும் மோட்டார் வைக்கலாம் என்கிறார் பிளம்பர். வாசலிலேயே இன்னொரு செப்டிக் டேங்க் கட்டச் சொல்கிறார் சித்தப்பா. வாசலிலிருந்து 30 அடியில் பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணறு உள்ளது. கடையில் ஓசையில்லாமல் நீரை இழுக்கும் ஒற்றைத் துண்டு க்ளோசெட்டைப் பரிந்துரைக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தாங்கள் மட்டத்தை அளந்து எழுதியிருப்பது என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டது. பொதுவாக இத்தகைய கேள்விகள் க்ளோசெட்டின் விலையோடும் நிறத்தோடும் வருமே தவிர, குழாய் எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்ற விவரத்தோடு வருவதில்லை. வடிகால் அருகில் இருக்கும் வீட்டில் எந்த க்ளோசெட்டை வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 70 அடி தள்ளி இருக்கும்போது, குழாயின் மட்டம்தான் க்ளோசெட்டைத் தேர்ந்தெடுக்கிறது.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்குகிறேன். முன்னறைத் தரைக்கும் செப்டிக் டேங்க் நுழைவின் அடிமட்டத்துக்கும் இடையே தங்களிடம் இருப்பது 18 அங்குலமும் 6 அங்குலமும் சேர்ந்த 24 அங்குலம். மலக்கழிவு செல்லும் நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது நாற்பது அடிக்கு ஓர் அடி இறக்கம், என்ற வாட்டம் நம் ஊர் வேலைகளில் நம்பகமானது. அறுபதுக்கு ஒன்று வரை போகலாம், அதற்கும் கீழே இறங்க நான் உடன்படுவதில்லை. 70 அடிக்கு நாற்பதுக்கு ஒன்று என்றால் 21 அங்குல இறக்கம் வேண்டும். அறுபதுக்கு ஒன்று என்றால் 14 அங்குலம்.

கழிவு வெளியேறும் வாய் தரையை நோக்கி இருக்கும் எஸ் டிராப் க்ளோசெட்டைத் தங்கள் கொத்தனார் மனத்தில் வைத்திருக்கிறார். அதில் குழாய் தரைக்குள் இறங்கி, வளைவு திரும்பி, படுக்கைவாட்டில் ஓடத் தொடங்கும்போது அதன் அடிமட்டம் தரைக்குக் கீழே ஏறத்தாழ ஓர் அடி போய்விடும். மீதமிருப்பது 12 அங்குலம். அதாவது எழுபதுக்கு ஒன்று. இது போதாது என்று அவர் சொன்னது சரியே. முக்கால் அடி தரையை உயர்த்தினால் 21 அங்குலம் கிடைக்கும் என்ற அவருடைய கணக்கிலும் பிழையில்லை. ஆனால் அந்த முக்கால் அடியை நடுஇரவில் ஏறி இறங்க வேண்டியவர், முழங்கால் தேய்ந்த தங்கள் தாயார். யாருக்காக இந்தக் குளியலறையைக் கட்டுகிறீர்களோ அவருக்கே அது படியாக வந்து நிற்கும் என்றால், அந்தத் தீர்வை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

தாங்கள் வாங்க வேண்டியது, கழிவு வெளியேறும் வாய் பின்புறச் சுவரை நோக்கி இருக்கும் பி டிராப் க்ளோசெட். அதன் வாய் நடுமையம் தரையிலிருந்து பெரும்பாலும் 180 மில்லிமீட்டர், அதாவது ஏழு அங்குல உயரத்தில் இருக்கும். குழாயின் அடிமட்டம் தரைக்கு மேலேயே ஐந்து அங்குலத்தில் தொடங்கிவிடும். எனவே தங்களுக்குக் கிடைக்கும் மொத்த இறக்கம் 29 அங்குலம். நாற்பதுக்கு ஒன்று என்று 21 அங்குலத்தைச் செலவிட்ட பிறகும் எட்டு அங்குலம் கையில் மிஞ்சும். தரையை ஓர் அங்குலம்கூட உயர்த்த வேண்டியதில்லை. எஸ் டிராப்பையும் பி டிராப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது என்பதால், கடையில் பில் போடும் முன் க்ளோசெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி, வாயின் உயரத்தைத் தாங்களே அளந்துகொள்ளுங்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. க்ளோசெட்டின் முதுகு சந்துப் பக்கச் சுவரில் இருக்க வேண்டும். அப்போதுதான் குழாய் நேராகச் சுவரைத் துளைத்துக்கொண்டு சந்துக்குப் போகும். தங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கனமான சுவராக இருக்கக்கூடும். உளியும் சுத்தியலும் கொண்டு அடித்துத் துளையிட்டால் துளையைச் சுற்றிச் செங்கற்கள் ஆட்டம் கண்டுவிடும்; வட்டமாக அறுத்துத் துளையிடும் கோர் கட்டிங் இயந்திரத்தை வாடகைக்கு வரவழைத்து, வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருக்குமாறு துளை போடச் சொல்லுங்கள். சுவரில் தொங்கும் வகை க்ளோசெட் நவீனமாகத் தெரிந்தாலும், அதன் எடையையும் அமர்பவரின் எடையையும் தாங்கும் இரும்புச் சட்டத்தை இந்தப் பழைய சுவரில் பதிப்பதை நான் ஏற்கமாட்டேன். தரையில் நிற்கும் வகையே போதும்.

இனி, அந்த க்ளோசெட்டுக்குள் நீர் வேலை செய்யும் விதம். கடைக்காரர் காட்டியது சைஃபானிக் வகை. அது ஓசை குறைவு, நீர்ப்பரப்பு அகலம், பீங்கானில் கறை ஒட்டுவதும் குறைவு. அதன் பெருமைகளை மறுக்கவில்லை. ஆனால் உறிஞ்சும் விசை உண்டாக வேண்டும் என்பதற்காக அதன் உள்வழி குறுகலாகவும் வளைந்தும் அமைந்திருக்கும்; அடைப்பு ஏற்பட்டால் அங்கேதான் ஏற்படும். மேலும் சந்தையில் கிடைக்கும் சைஃபானிக் க்ளோசெட்டுகள் பெரும்பாலும் எஸ் டிராப்பாகவே வருகின்றன. தங்களுக்கு ஏற்றது வாஷ்டவுன் வகை: உள்வழி அகலமானது, குட்டையானது, மேலிருந்து விழும் நீர் கழிவை ஒரே தள்ளாகத் தள்ளி வெளியே அனுப்பும். சற்று ஓசை எழும். 70 அடிக் குழாய்க்கு முன்னால் அது ஒரு குறையே அல்ல.

ஃப்ளஷ் டேங்க் மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பொத்தான் கொண்டதாக இருக்கட்டும். நான்கு லிட்டரில் முழு ஃப்ளஷ் முடியும் என்று விற்கப்படும் சிக்கன வகைகள், செங்குத்துக் குழாய் பக்கத்திலேயே இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு நல்லவை. நீண்ட குழாயில் நிலைமை வேறு. க்ளோசெட்டிலிருந்து ஓர் அலையாக வெளியேறும் ஆறு லிட்டர் நீர், ஓட ஓடப் பரவி, உயரம் குறைந்து, கழிவைத் தூக்கிச் செல்லும் வலுவை இழக்கிறது. கழிவு வழியிலேயே நின்று, அடுத்த ஃப்ளஷ் வந்த பிறகு இன்னும் சிறிது தூரம் நகர்கிறது. தங்கள் தாயார் ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் குளியலறையில் அந்த அடுத்த ஃப்ளஷ் பல மணி நேரம் கழித்தே வரக்கூடும். நாம் காகிதம் பயன்படுத்தாமல் நீரால் கழுவிக்கொள்வது இங்கே ஒரு நன்மை. குழாயில் ஊறிக் கிடந்து அடைக்கும் பொருள் குறைகிறது. எனினும் மலம் கழித்த பிறகு பெரிய பொத்தானையே அழுத்த வேண்டும் என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்கட்டும். வாரம் ஒரு முறை இரண்டு வாளி நீரை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வீச்சில் க்ளோசெட்டில் ஊற்றினால் குழாய் முழுவதும் கழுவப்பட்டுவிடும். ஓட்டு வீட்டில் தண்ணீர்த் தொட்டியை அதிக உயரத்தில் வைக்க இயலாது என்பதால், நேரடி அழுத்தத்தில் இயங்கும் ஃப்ளஷ் வால்வை வாங்காதீர்கள். சொட்டுச் சொட்டாக நிரம்பினாலும் ஃப்ளஷ் டேங்க் தன் ஆறு லிட்டரைக் குறையாமல் கொடுக்கும்.

தாயார் இந்தியன் வகைக்கே பழகியவர் என்று வீட்டில் யாரேனும் சொல்லக்கூடும். அந்தப் பீங்கானும் அதன் டிராப்பும் (நாற்றம் வராதபடி நீர் தேங்கி நிற்கும் வளைவு) சேர்ந்து தரைக்குக் கீழே ஒன்றரை அடி ஆழத்தையாவது விழுங்கிவிடும். முழங்காலும் இடம் கொடுக்காது. குந்தவும் அமரவும் இரண்டுக்கும் பயன்படும் ஆங்கிலோ இந்தியன் வகையில் முதியவர் ஏறி நிற்பதை நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது. அமரும் இருக்கை தரையிலிருந்து 17 முதல் 18 அங்குல உயரத்தில் இருந்தால் எழுவது எளிது. சாதாரண க்ளோசெட் அதைவிடத் தாழ்வாக இருப்பதால், உயரமான இருக்கை மூடியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கைக்கெட்டும் இடத்தில் ஹெல்த் ஃபாசெட் ஆகியவற்றைத் தாங்களே நினைத்திருப்பீர்கள்.

குழாயைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் க்ளோசெட் கெட்டால் ஒரு நாளில் மாற்றிவிடலாம். குழாய் கெட்டால் அப்படியல்ல. தங்கள் கணக்குப்படி குழாயின் அடிமட்டம் சந்தில் மண்ணுக்கு 23 அங்குலம் மேலே தொடங்கி, டேங்கை நெருங்கும்போது மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே வந்து நிற்கும். அதாவது வழி நெடுகப் புதைக்கவே தேவையில்லை. தங்கள் சொந்தச் சுவரிலேயே கிளாம்ப் அடித்து ஓட்டிவிடலாம். பார்வைக்கு அழகில்லை என்று கொத்தனார் முகம் சுளிக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குழாயில் கசிவும் தொய்வும் அன்றைக்கே தெரிந்துவிடும். டெல்டாவின் களிமண் கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் புதைத்த குழாயின் வாட்டத்தைக் கலைப்பது போன்ற தொல்லை இதில் இல்லை. மிஞ்சிய எட்டு அங்குல இறக்கத்தை வழியில் ஆங்காங்கே பகிர்ந்துவிடாமல், டேங்குக்கு முன்னால் ஒரு சிறிய சேம்பரில் (மூடி போட்ட ஆய்வுத் தொட்டி) மொத்தமாக இறக்கிக்கொள்ளுங்கள்.

வாட்டம் அதிகமா குறைவா என்பதைவிட, அது தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இருக்கிறதா என்பது முக்கியம். இரண்டு கிளாம்ப்களுக்கு நடுவே குழாய் தொய்ந்தால் அந்தக் குழிவில் நீர் தேங்கி, கழிவு படிந்து, காலப்போக்கில் அடைத்துக்கொள்ளும். எனவே மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் கட்டாயம். குழாய் 110 மில்லிமீட்டர் (நான்கு அங்குலக் குழாய் என்பது இதுதான்), இந்திய தர நிர்ணயமான ஐஎஸ் 13592 முத்திரை உள்ள பி வகையாக இருக்க வேண்டும். அதே முத்திரையில் சற்று மலிவாகக் கிடைக்கும் ஏ வகை, மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. இணைப்புகளை ஒட்டும் பசையால் ஒட்டாமல் ரப்பர் வளையம் உள்ளவையாக வாங்குங்கள். வெயிலில் 20 டிகிரி வெப்பம் கூடினால் 70 அடி பிவிசி குழாய் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளும். ரப்பர் வளையம் அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கும், பசை கொடுக்காது. வெயில் நேராகப் படும் பகுதிக்கு வெளிர் நிறப் பெயின்ட் அடித்துவிட்டால் குழாய் நொறுங்கிப்போவது தள்ளிப்போகும்.

திருப்பம் வரும் இடங்களில் ஒரே 90 டிகிரி வளைவைப் போடாமல் இரண்டு 45 டிகிரி வளைவுகளைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், நேர் ஓட்டத்தில் 30 அடிக்கு ஒன்றாகவும், மூடியைக் கழற்றித் துப்புரவு செய்யக்கூடிய டோர் டீ இருக்கட்டும். அடைப்பு வந்தால் அந்த வாயில் கம்பியை விட்டு எடுத்துவிடலாம். உரிய பாதுகாப்பின்றி மனிதரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும், யாரும் இறங்க வேண்டிய தேவையே வராதபடி குழாயை அமைப்பது கட்டுபவரின் பொறுப்பு.

காற்றுக் குழாயைப் பலரும் செப்டிக் டேங்கில் மட்டும் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நீண்ட குழாயில் ஆறு லிட்டர் நீர் பாயும்போது முன்னால் உள்ள காற்றைத் தள்ளும், பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கும். அந்த வெற்றிடம் க்ளோசெட்டின் நீர்முத்திரையை, அதாவது டிராப்பில் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் நீரை, உறிஞ்சிவிட்டால் டேங்கின் நாற்றம் முன்னறைக்கே வந்துவிடும். ஆகவே குழாய் தொடங்கும் இடத்தில், சந்துச் சுவரின் வெளியே, மூன்றங்குலக் காற்றுக் குழாய் ஒன்றை ஓட்டுக் கூரைக்கு மேலே, சன்னல்களுக்கு விலகி ஏற்றிவிடுங்கள். அதன் வாயிலும் டேங்கின் காற்றுக் குழாய் வாயிலும் கொசுவலை கட்டாயம்.

குளியல் நீரை இந்தக் குழாயில் சேர்த்தால் கழிவைத் தள்ள உதவுமே என்று தோன்றும். பாதாளச் சாக்கடை உள்ள ஊராக இருந்தால் நானே அப்படிச் சொல்லியிருப்பேன். செப்டிக் டேங்கில் கழிவு தங்கி மட்கும் நேரத்தைக் குளியல் நீரின் அளவு குறைத்துவிடும். அதோடு தங்கள் பகுதிக் களிமண் நீரை மெதுவாகவே உறிஞ்சும், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது அதுவும் செய்யாது. குளியல் நீரைத் தனியாக ஒரு மூன்றங்குலக் குழாயில் கொல்லை வாழைக்கு விட்டுவிடுங்கள். அதில் திடப்பொருள் இல்லாததால் நூறுக்கு ஒன்று என்ற வாட்டமே போதும்.

இப்போது மற்ற இரண்டு யோசனைகள். வாசலில் புதிய செப்டிக் டேங்க் கட்டினால், அதிலிருந்து வெளியேறும் நீரை எங்கே விடுவது என்ற கேள்வி உடனே வரும். இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 2470, கழிவுநீர் உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து குறைந்தது ஆறு மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. 18 மீட்டர் என்பது 59 அடி. பக்கத்து வீட்டுக் கிணறோ 30 அடியில் இருக்கிறது. தெருவோர மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அதற்குச் செவிசாய்க்க வேண்டாம். புதிய டேங்குக்கு உண்மையில் அவசியமும் இல்லை: டேங்கின் அளவை நிர்ணயிப்பது ஆட்களின் எண்ணிக்கை, கழிப்பறைகளின் எண்ணிக்கை அல்ல. அதே நால்வர்தான் பயன்படுத்தப் போகிறீர்கள். ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், நீர் ஆழம் ஒரு மீட்டர் என்பது அந்தத் தர நிர்ணயத்தின் அளவு. தங்கள் டேங்க் அதற்குக் குறையாமல் இருக்கிறதா, அதற்கு அடித்தளம் போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்ற பெயரில் இருப்பது, அடித்தளமே இல்லாமல் சிமென்ட் உறைகளை இறக்கிய வெறும் குழிதான்; அது அருகிலுள்ள கிணறுகளுக்குக் கேடு. தங்களுடையது அப்படி இருந்தால், புதிய குளியலறைக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

அரைக்கும் மோட்டார் தவறான பொருள் அல்ல. பிரான்ஸ் நாட்டின் எஸ்எஃப்ஏ நிறுவனம் 1958 முதல் இதைத் தயாரித்து வருகிறது; கழிவை அரைத்துக் கூழாக்கி, ஒன்றேகால் அங்குலத்துக்கும் மெல்லிய குழாயில்கூடத் தொலைவுக்கும் மேட்டுக்கும் தள்ளிவிடும். தரைக்குக் கீழே அறை இருக்கும் வீடுகளுக்கும், தரையை உடைக்க முடியாத அடுக்குமாடி வீடுகளுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் மின்சாரம் இல்லையென்றால் கழிப்பறையும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு தங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததைத் தாங்களே அனுபவித்திருப்பீர்கள். இங்கிலாந்தின் கட்டட விதிகள், இத்தகைய மோட்டார் பொருத்தும் வீட்டில் தானாக வடியும் இன்னொரு கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது இதனால்தான். தங்கள் வீட்டில் அப்படி ஒன்று கொல்லையில் இருக்கிறது. ஆனால் தாயாரால் அங்கே போக முடியாது என்பதுதானே பிரச்சினை. தவறிப்போய் ஒரு துணித்துண்டோ நாப்கினோ விழுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். மன்னார்குடிப் பக்கம் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கும். இருப்பினும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: அந்த மோட்டாரும் பி டிராப் க்ளோசெட்டின் பின்னால்தான் பொருத்தப்படும். ஆகவே ஏதோ ஒரு காரணத்தால் பின்னாளில் சந்து வழி அடைபட்டாலும், இப்போது வாங்கும் க்ளோசெட் வீணாகாது.

நீரே இல்லாமல் சாம்பல் தூவிப் பயன்படுத்தும் உலர் கழிப்பறைகள், திருச்சி மாவட்டம் முசிறியில் நன்றாகவே இயங்கிக் காட்டப்பட்டவை. தோட்டத்து வீட்டுக்கு அதை யோசிக்கலாம். படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்கு வேண்டாம்.

வேலை முடியச் சில வாரங்கள் ஆகும் என்றால், அதுவரை தாயாரின் கட்டிலருகே கழிப்பறை நாற்காலி ஒன்றை வாங்கி வையுங்கள். மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கும், வாடகைக்கும் தருவார்கள்.

குழாய் ஓட்டி முடிந்ததும், டேங்குப் பக்க வாயை அடைத்து, குழாய் முழுக்க நீர் நிரப்பி, ஒரு மணி நேரம் விட்டு எந்த இணைப்பிலாவது கசிகிறதா என்று பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்து நீரை வடித்துவிட்டு, ஒவ்வொரு டோர் டீயையும் திறந்து உள்ளே நீர் தேங்கி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தேங்கியிருந்தால் அங்கே வாட்டம் கலைந்திருக்கிறது, கிளாம்பைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும். கடைசியாக க்ளோசெட்டைத் தற்காலிகமாகப் பொருத்தி ஆறு லிட்டர் ஃப்ளஷ் செய்து, டேங்குக்கு முந்திய சேம்பரில் நீர் வந்து சேர்வதை ஒருவர் நின்று பார்க்கட்டும். இவை அனைத்தும் தங்கள் கண்முன்னே நடந்த பிறகே டைல்ஸ் ஒட்டும் வேலையைத் தொடங்க அனுமதியுங்கள்.